ஆறு முறை இரண்டாமிடம்

தென் இங்கிலாந்தின் கால்பந்து கிளப்புகளை 1920இல் ஃபுட்பால் லீக் மொத்தமாகத் தன்னுள் சேர்த்துக்கொண்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். சேர்த்துக்கொண்டார்களே தவிர, சரிசமமாக நடத்தவில்லை. மூன்றாம் டிவிஷன் கிளப்புகளுக்குக் கிடைத்தது இணை உறுப்பினர் என்ற தகுதிதான். முடிவெடுக்கும் அதிகாரம் மேலே இருந்த இரண்டு டிவிஷன்களிடமே இருந்தது. அடுத்த ஆண்டே வடக்கிலிருந்தும் கிளப்புகள் வந்து சேர, மூன்றாம் டிவிஷன் தெற்கு, வடக்கு என இரண்டாகப் பிரிந்தது. அப்போது வகுத்த விதி இதுதான்: ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடிக்கும் ஒரே ஓர் அணிக்கு மட்டும் இரண்டாம் டிவிஷனில் இடம். தெற்குப் பிரிவில் 22 அணிகள். அதில் இரண்டாவதாக வந்தவருக்கும் இருபதாவதாக வந்தவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றே: அடுத்த ஆகஸ்டில் மறுபடியும் இதே டிவிஷன்.

இந்த விதியிடம் பிளிமத் ஆர்கைல் அடிபட்டதைப்போல வேறெந்தக் கிளப்பும் அடிபடவில்லை. 1921-22 தொடங்கி 1926-27 வரை ஆறு சீசன்கள், ஆறிலும் இரண்டாமிடம்.

பிளிமத் இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் கடலோரத் துறைமுக நகரம். கடற்படைக்குப் பேர்போன ஊர். டெவன்போர்ட் கப்பல் கட்டும் தளம்தான் ஊருக்குச் சோறு போட்டது. 1620இல் மேஃபிளவர் கப்பல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். அதனால்தான் ஆர்கைல் அணிக்கு யாத்ரீகர்கள் என்று பட்டப்பெயர். 1886இல் தொடங்கிய கிளப், 1903இல் தொழில்முறை அணியானது. பச்சைச் சட்டை, ஹோம் பார்க் மைதானம். லண்டனுக்குப் போக ரயிலில் 350 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெளியூர் ஆட்டம் என்றால், அந்தக் காலத்தில் வேறெந்த அணிக்கும் இவ்வளவு ரயில் பயணம் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

மேனேஜர் பாப் ஜாக், ஸ்காட்லாந்துக்காரர். 1910இல் பொறுப்பேற்றவர் 1938 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவருடைய மகன் டேவிட் ஜாக் ஆர்கைலில்தான் ஆடத் தொடங்கினார். 1920 கடைசியில் போல்ட்டன் அணி 3,500 பவுண்டு கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. 1923இல் புதிதாகத் திறந்த வெம்ப்ளி அரங்கில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் முதல் கோல் அடித்தவர் இந்த டேவிட் ஜாக்தான். அந்தத் தரத்து ஆட்டக்காரரை, அதுவும் சொந்த மகனை, விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பாப் ஜாக் தன் அணியைக் கட்டினார்.

கட்டியது தடுப்பாட்ட அணி. கோல்கீப்பர் ஃபிரெட் கிரெய்க், பெனால்டி கிடைத்தால் தன் கோலை விட்டு எதிர்முனைவரை நடந்துபோய் அடித்துவிட்டு வரும் ரகம். அவருக்கு முன்னால் வேல்ஸ் நாட்டு அணிக்கு ஆடிய மோசஸ் ரஸ்ஸல், வழுக்கைத் தலையால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் முரட்டுத் தடுப்பாளர். முன்வரிசையில் புதுவரவு ஃபிராங்க் ரிச்சர்ட்சன். 1921-22இல் ஹோம் பார்க்கில் நடந்த 21 ஆட்டங்களில் ஆர்கைல் 17 வென்றது, 4 டிரா செய்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த 21 ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கிய கோல்கள் மொத்தமே நான்கு. எட்டு மாதம் நடக்கும் சீசனில், சொந்த மைதானத்து ரசிகர்கள் தங்கள் வலைக்குள் பந்து விழுந்ததை நான்கே முறைதான் பார்த்தார்கள்.

அணி அடித்த 63 கோல்களில் ரிச்சர்ட்சன் மட்டும் 31. ஏறக்குறைய பாதிக் கோல்களுக்கு ஒரே ஆளை நம்பியிருந்த அணி அது. இதில் ஓர் ஆபத்து இருந்தது: அவர் அடிக்காத நாளில் கோலுக்கு யாரை நம்புவது? அது கடைசி நாளில்தான் வெளிப்பட்டது.

1922 மே 6, சனிக்கிழமை. 41 ஆட்டங்கள் முடிந்து ஆர்கைலுக்கு 61 புள்ளி, சவுத்தாம்ப்டனுக்கு 59. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1 என்ற காலம். ஆர்கைலுக்கு ஒரு டிரா போதும், 62 ஆகிவிடும், யாரும் தொட முடியாது. ஆடவேண்டியது லண்டனில், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியோடு. சவுத்தாம்ப்டனுக்கோ சொந்த ஊரில், டெல் மைதானத்தில், நியூபோர்ட் கவுண்ட்டியோடு ஆட்டம்.

புள்ளிகள் சமமானால் அப்போது பார்த்தது கோல் சராசரி. அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுப்பார்கள். அன்று காலை இரண்டு அணிகளும் அடித்திருந்தது அதே 63 கோல்கள். வாங்கியதில் சவுத்தாம்ப்டன் 21, ஆர்கைல் 22. வகுத்தால் சவுத்தாம்ப்டனுக்குச் சரியாக 3, ஆர்கைலுக்கு 2.86. அதாவது ஆர்கைல் தோற்று, சவுத்தாம்ப்டன் ஜெயித்துவிட்டால் கதை முடிந்தது என்பது காலையிலேயே எல்லோருக்கும் தெரியும்.

ஆர்கைல் 0-2 என்று தோற்றது. சொந்த ஊரில் நான்கே கோல் வாங்கிய அணிக்கு வெளியூரில் வேறு முகம். சீசனில் அது தோற்ற ஆறு ஆட்டங்களும் வெளியூரில் தோற்றவைதான். சவுத்தாம்ப்டன் 5-0 என்று ஜெயித்தது. 61க்கு 61. சராசரி 3.24க்கு 2.63. ஆர்கைல் 25 வெற்றி, சவுத்தாம்ப்டன் 23 வெற்றி. ஆனால் மேலே போனது சவுத்தாம்ப்டன்.

ஆறு ஏமாற்றங்களில் என் கணக்கில் பெரியது இந்த முதலாவதுதான். மற்ற ஆண்டுகளில் யாரையோ துரத்தித் தோற்றார்கள். இந்த ஒரு முறை பரிசு கையில் இருந்தது. ஒரே ஒரு கோல் இல்லாத டிரா, அதுவும் அந்த டிவிஷனின் தலைசிறந்த தடுப்பாட்ட அணிகளில் ஒன்றைக் கேட்ட டிரா, அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த சீசனில் பிரிஸ்டல் சிட்டி ஆறு புள்ளி முன்னால். அதற்கடுத்து போர்ட்ஸ்மவுத் நான்கு புள்ளி முன்னால். 1924 கோடையில் ஆர்கைல் அணி கப்பலேறித் தென் அமெரிக்காவுக்குப் போய் அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ஆடிவிட்டு வந்தது. திரும்பி வந்து ஆடிய சீசனில் ஸ்வான்சீ டவுன் 57, ஆர்கைல் 56. ஒரு புள்ளி.

இப்போது 1925. அந்தக் கோடையில் ஆஃப்சைடு விதியையே மாற்றினார்கள். அதுவரை பந்து தட்டப்படும் நேரத்தில் முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்கவேண்டும். இனி இரண்டு பேர் போதும் என்றார்கள். தடுப்பாளர் ஒருவர் சற்று முன்னேறி நின்றே ஆட்டத்தை நிறுத்திவிடும் பழைய தந்திரம் ஒரே நாளில் செத்தது. இங்கிலாந்து முழுக்கக் கோல் மழை. தடுப்பாட்டத்தில் ஊறிய ஆர்கைல் இதில் மூழ்கிப்போயிருக்க வேண்டும். பாப் ஜாக்கின் திறமை இங்கேதான் தெரிகிறது. முந்தைய சீசனில் 77 கோல் அடித்த அணி 1925-26இல் 107 அடித்தது. பக்கத்து காரன்வாலில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடிய ஜாக் காக் நடுவில். இடது பக்கத்தில் சாமி பிளாக், ஜாக் லெஸ்லி என்ற ஜோடி. ஆனால் வாங்கிய கோல்களும் 38லிருந்து 67 ஆகிவிட்டன. ரீடிங் அடித்தது 77 தான், ஆர்கைலைவிட 30 கோல் குறைவு. வாங்கியது 52. ரீடிங் 57 புள்ளி, ஆர்கைல் 56. மறுபடியும் ஒரு புள்ளி.

அந்த இடது பக்க ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். சாமி பிளாக் ஸ்காட்லாந்திலிருந்து 1924இல் வந்த குள்ளமான விங்கர். ஆர்கைலுக்கு அவர் அடித்த 182 கோல்கள் இன்றுவரை கிளப் சாதனை. ஜாக் லெஸ்லி லண்டனின் கானிங் டவுனில் 1901இல் பிறந்தவர். அப்பா ஜமைக்காவிலிருந்து வந்தவர், அம்மா ஆங்கிலேயர். 1921இல் பார்க்கிங் டவுன் என்ற சின்ன அணியிலிருந்து பாப் ஜாக் அழைத்து வந்தார். சில ஆண்டுகள் பொறுத்திருந்து நிலையான இடம் பிடித்தார். 401 ஆட்டங்கள், 137 கோல்கள். அணித் தலைவராகவும் இருந்தார்.

1925 அக்டோபரில் ஒருநாள் பாப் ஜாக் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இங்கிலாந்து அணிக்கு நீ தேர்வாகியிருக்கிறாய் என்றார். பெல்ஃபாஸ்ட்டில் அயர்லாந்தோடு ஆட்டம். செய்தி ஊரெல்லாம் பரவியது. மூன்றாம் டிவிஷன் ஊருக்கு இதைவிடப் பெருமை வேறென்ன? சில நாள் கழித்துப் பத்திரிகையில் அணி வெளியானபோது லெஸ்லியின் பெயரைக் காணோம். அவர் இடத்தில் ஆஸ்டன் வில்லாவின் பில்லி வாக்கர். லெஸ்லிக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. தான் கறுப்பர் என்பது தேர்வாளர்களுக்குப் பிறகுதான் தெரிந்திருக்கும் என்பது அவர் நினைப்பு. 1978இல், முதுமையில், பத்திரிகையாளர் ஒருவரிடம் அவரே அதைச் சொன்னார்.

மூன்றாம் டிவிஷன் ஆட்டக்காரர் என்பதால்தான் விட்டுவிட்டார்கள் என்று வாதாட இடமில்லை. 1922இல் ஆர்கைலை முந்திக்கொண்டு போன அதே சவுத்தாம்ப்டன் அணியின் பில் ராலிங்ஸ், அந்த மூன்றாம் டிவிஷன் சீசனிலேயே இங்கிலாந்துக்கு ஆடியிருக்கிறார். டிவிஷன் தடையாக இல்லை. தடையாக இருந்தது தோல் நிறம்.

பெல்ஃபாஸ்ட்டில் இங்கிலாந்து கோல் இல்லாமல் டிரா செய்தது. அதே நாளில் ஹோம் பார்க்கில் ஆர்கைல் போர்ன்மவுத்தை 7-2 என்று வென்றது. லெஸ்லி இரண்டு கோல் அடித்தார். இங்கிலாந்து அணி அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. கண்ணில் பட்ட காயம் அவர் ஆட்ட வாழ்வை முடித்தது. பின்னாளில் வெஸ்ட் ஹாம் கிளப்பில் பூட்ஸ் துடைக்கும் வேலை செய்தார். 1966 உலகக் கோப்பையை வென்ற பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட் ஆகியோரின் பூட்ஸ்களும் அவர் கையில் வந்துபோயின. 1988இல் காலமானார். 2022இல் ஹோம் பார்க்கில் அவருக்குச் சிலை எழுந்தது. 2023இல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், நாட்டு அணிக்கு ஆடுவோருக்குத் தரும் தொப்பியைக் கௌரவமாக அவர் குடும்பத்தாரிடம் வழங்கியது. 1925இல் கொடுத்திருக்க வேண்டிய தொப்பி அது. தாமதமாகக் கொடுத்ததைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் கதையை மீட்கப் போராடிய ரசிகர்களைத்தான் பாராட்டவேண்டும்.

1926-27இல் ஆர்கைல் 60 புள்ளி எடுத்தது. பிரிஸ்டல் சிட்டி 62. ஆறு ஆண்டுகளையும் கூட்டிப் பாருங்கள்: 252 ஆட்டங்கள், 341 புள்ளிகள். முதலிடத்துக்கும் ஆர்கைலுக்கும் இருந்த இடைவெளி ஆறு ஆண்டும் சேர்த்து 14 புள்ளி, அதாவது ஏழு வெற்றி. அவர்களை முந்தியவர்கள் ஐந்து வேறு வேறு கிளப்புகள். பிரிஸ்டல் சிட்டி மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் போனது. ஒவ்வோர் ஆண்டும் டிவிஷனில் சிறந்த இரண்டு அணிகளில் ஒன்றாக இருந்த ஒரே கிளப் ஆர்கைல். ஏதாவது ஓர் ஆண்டில் முதலாவதாக வந்தால் அதற்குத்தான் விதியில் பரிசு. ஆறு ஆண்டு சிறந்து விளங்கினால் அதற்கென்று ஒன்றும் இல்லை. இரண்டாவதாக வந்த அணியையும் அனுப்பியிருந்தால் மேல் டிவிஷன்களுக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்? கீழே இறங்கும் அபாயம் கூடும், அவ்வளவுதான். அதை அவர்கள் விரும்பவில்லை. முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது.

1927 நவம்பரில் ஜாக் காக் மில்வாலுக்குப் போனார். அந்தச் சீசனில் மில்வால் 127 கோல் அடித்துச் சாம்பியன் ஆனது. ஆர்கைல் மூன்றாமிடம். அதற்கடுத்த ஆண்டு நான்காமிடம். ஊர் நம்பிக்கை இழந்திருக்கும் என்று நினைப்போம். ஆனால் பாப் ஜாக்கைக் கிளப் மாற்றவில்லை. இதை அந்த நிர்வாகத்தின் பெருந்தன்மை என்றே சொல்வேன்.

1929-30இல் வழி திறந்தது. 42 ஆட்டங்களில் 30 வெற்றி, நான்கே தோல்வி, 68 புள்ளி. லெஸ்லியும் பிளாக்கும் இடது பக்கத்தில் உச்சத்தில் இருந்தார்கள். தெற்குப் பிரிவின் ஒன்பதாவது சீசனில் ஆர்கைல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது.

அந்த ஆண்டு இரண்டாவதாக வந்தது மேற்கு லண்டனின் பிரென்ட்ஃபோர்டு. சொந்த மைதானமான கிரிஃபின் பார்க்கில் ஆடிய 21 ஆட்டங்களிலும் அது ஜெயித்தது. ஒரு டிராகூட இல்லை. மொத்தம் 61 புள்ளி, 1922இல் ஆர்கைல் எடுத்த அதே எண். பலன் ஒன்றுமில்லை. இன்னும் மூன்று ஆண்டு காத்திருந்து, 1933இல் சாம்பியனாகித்தான் மேலே போக முடிந்தது.

அந்த விதி 1958 வரை உயிரோடு இருந்தது. அவ்வாண்டு தெற்கு, வடக்குப் பிரிவுகளைக் கலைத்து, நாடு முழுமைக்கும் மூன்றாம் டிவிஷன், நான்காம் டிவிஷன் என்று அமைத்தார்கள். மூன்றாம் டிவிஷனில் முதல் இரண்டு அணிகளும் இனி மேலே போகலாம் என்றார்கள். இதற்குள் ஆர்கைல் மறுபடி கீழே இறங்கியிருந்தது. புதிய ஏற்பாட்டின் முதல் சீசனான 1958-59இல் அது 62 புள்ளி எடுத்துச் சாம்பியன் ஆனது. ஒரே ஒரு புள்ளி பின்தங்கி, 61 எடுத்து இரண்டாவதாக வந்தது ஹல் சிட்டி. ஹல் சிட்டியும் மேலே போனது.

(தொடரும்)