புதிய எருசலேம் ஆலயம், தரங்கம்பாடி

மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடியில், அன்றைய டேனியக் கோட்டைநகரின் ராஜ வீதியில் அமைந்துள்ள லுத்தரன் ஆலயம். இந்தியாவின் பழமையான சீர்திருத்தக் கிறித்தவ ஆலயங்களுள் ஒன்று.

வரலாறு: டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய செருமானிய மிஷனரிகள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளுட்சோ இருவரும் 1706 ஜூலையில் இங்கு வந்திறங்கினர். கடலோரத்தில் 1707இல் அவர்கள் எழுப்பிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் சிதைத்தது. அதனால், அடுத்த ஆலயத்துக்கு 1717இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1718 அக்டோபரில் பிரதிஷ்டை நடந்தது.

அமைப்பு: சிலுவை வடிவத் தரைத்திட்டம் கொண்டது. முகப்பில் அரசரின் முடியும் பெயரெழுத்துச் சின்னமும் பொறிக்கப்பட்டுள்ளன.

மரபு: தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சேற்றிய சீகன்பால்கு, 1719 பிப்ரவரியில் காலமாகி இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தற்போது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின்கீழ் வழிபாடு தொடர்கிறது.