தர்மாஸ்பத்திரி முதல் காப்பீட்டு அட்டை வரை

தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால், மருந்துக்கு முன்னரே சொற்கள் வந்து நிற்கின்றன. மருத்துவமனை வாயிலிலேயே 'பீமா உண்டா?' என்று கேட்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த மூதாட்டி ஒருவர் இதனைக் கேட்டு, 'பீமசேனனுக்கு இங்கே என்னப்பா வேலை?' என்று தம் மகனை வினவியதை நாம் அருகிலிருந்து கேட்டதுண்டு. நகைப்பிற்குரிய கேள்விதான், ஆயினும் அம்மகனுக்கும் அப்பொழுது விடை தெரியவில்லை என்பது நகைப்பிற்குரியதன்று.

பீமா என்பது பாரசீக மொழியிலிருந்து இந்திக்கு வந்த சொல். பேச்சுத் தமிழில் அதனை இன்சூரன்ஸ் என்கிறோம். எழுத்தில் காப்பீடு என்கிறோம். தொழிலாளர் திட்டத்தைக் குறிக்கையில் ஈட்டுறுதி என்று எழுதும் வழக்கமும் உண்டு. ஈடு என்றால் இழந்ததற்கு ஒத்த மாற்று. நோயினால் கைப்பொருளும் கூலியும் இழப்பவனுக்கு அதற்கு ஒத்த மாற்றினை உறுதி செய்வது என்பதே இச்சொல்லின் உட்பொருள். இந்த உறுதி எங்ஙனம் பிறந்தது என்பதைச் சிறிது காண்போம்.

நம் பாட்டன்மார் அரசினர் மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்றே அழைத்தனர். அங்கே கொடுப்பவர் ஒருவர், கையேந்துபவர் மற்றொருவர். கிடைத்தால் நன்றி கூறலாம். கிடைக்காவிடில் கேட்பதற்கு வழியில்லை. இந்த உறவினை மாற்றும் முயற்சியை 1883ஆம் ஆண்டில் ஜெர்மனி தொடங்கிற்று. பிஸ்மார்க் ஆட்சியில் இயற்றப்பட்ட நோய்க் காப்பீட்டுச் சட்டம், தொழிலாளியின் கூலியில் ஒரு சிறு பகுதியையும் முதலாளியின் பங்கினையும் சேர்த்து ஒரு பொது நிதி ஆக்கியது. நோயுற்றவன் அந்நிதியினின்று சிகிச்சையும் உதவித் தொகையும் பெற்றான். 1911இல் பிரிட்டனும் இவ்வழியைப் பின்பற்றியது. தன் பங்கினைச் செலுத்தியவன் யாசகனல்லன், உரிமையாளன் என்ற கருத்து அன்று சட்டமாயிற்று.

நம் நாட்டில் தொழிலாளர்க்கான நலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் பொறுப்பு 1943இல் பேராசிரியர் அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அறிக்கை 1944இல் வெளிவந்தது. அதே காலத்தில் போர் குழு இந்தியாவின் பொதுச் சுகாதாரம் முழுவதையும் ஆராய்ந்தது. சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பது 1946இல் அக்குழு அளித்த அறிக்கையின் அடிப்படை. ஆரம்ப சுகாதார நிலையம் என்று இன்று நாம் வழங்கும் அமைப்பும் அவ்வறிக்கையின் வழி வந்ததே.

அதார்க்கர் இட்ட வித்து 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24ஆம் நாள் முளைவிட்டது. அன்று கான்பூரில் பிரதமர் நேரு தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கான்பூரிலும் தில்லியிலும் ஒருங்கே தொடங்கிய அத்திட்டம் முதலில் சுமார் 1,20,000 தொழிலாளர்களுக்குப் பொருந்திற்று. 1955இல் அது கோயம்புத்தூரை எட்டியது. நம்மவர் நாவில் இ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்தாக நிலைத்தது இதுவே. நோய், மகப்பேறு, வேலையில் நேரும் ஊனம் ஆகியவற்றிற்கான பணப் பயன்கள், இறந்தவரைச் சார்ந்தோர்க்கான பயன், மருத்துவப் பயன் என ஐந்தினை அத்திட்டம் வகுத்தது.

இங்கே பயன் என்னும் சொல்லைப் பற்றி நம் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன்னர் இப்பொருள் குறித்த துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கும் பணி நமக்கு வந்தது. பயன் என்று எழுத வேண்டிய இடங்களிலெல்லாம் சலுகை என்று எழுதிவிட்டோம். செவிக்கு இனிதாக இருந்தது. எவரும் குறை கூறவில்லை. சில மாதங்கள் கழித்துத் தில்லியின் புறநகர்த் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த தமிழர் ஒருவரைச் சந்தித்தோம். காமாலை கண்டு ஆறு வாரம் படுத்திருந்தவர். நோய்க்காலப் பணத்திற்கு அவர் விண்ணப்பிக்கவேயில்லை; வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். காரணம் கேட்டோம். 'சலுகைன்னு போட்டிருக்கே சார், அவங்க மனசு வெச்சாத்தானே குடுப்பாங்க? இந்த ஊரில எனக்கு யாரைத் தெரியும்?' என்றார்.

மாதந்தோறும் தம் கூலியிலிருந்து பங்கு செலுத்தி வந்த மனிதர் அவர். அவருடைய உரிமையை மீண்டும் தர்மமாக்கியது நமது ஒரு சொல். அன்று முதல் அச்சொல்லை அவ்விடத்தில் நாம் எழுதியதில்லை.

1954 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்க்கென ஒரு மருத்துவத் திட்டம் தில்லியில் தொடங்கிற்று. அதன் பெயரிலேயே முதலில் பங்களிப்பு என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. இன்று சி.ஜி.எச்.எஸ். என்று அறியப்படுவது இதுவே. தொழிற்சாலையிலும் அரசிலும் பணியாற்றாத ஏனையோர்க்கு நெடுங்காலம் பரவலான வழியொன்றும் இல்லை. பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973இல் நாட்டுடைமையான பின்னர், 1986இல் அரசுத்துறை நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் என்னும் பாலிசியை வெளியிட்டன. அதனோடு புதிய சொற்படை ஒன்று நம் வீடுகளுக்குள் நுழைந்தது. வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் அவற்றுள் சிலவற்றையேனும் அறிதல் வேண்டும்.

பாலிசிக்காக நாம் செலுத்தும் தொகை பிரீமியம். ஓராண்டில் நிறுவனம் தரக்கூடிய உச்ச அளவு காப்புத் தொகை. மருத்துவமனையில் படுக்கையில் சேர்க்கப்படுபவர் உள்நோயாளி. பார்த்துவிட்டுத் திரும்புபவர் வெளிநோயாளி. இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருவருக்கும் சிகிச்சை உண்டு. மெடிக்ளெய்ம் போன்ற பாலிசிகளோ பெரும்பாலும் 24 மணி நேரமேனும் தங்கிய உள்நோயாளிக்கே பொருந்துவன. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்த செலவு கிடைக்கவில்லையென்று மாணவர் பலர் மனம் புழுங்குவது இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே.

காத்திருப்புக் காலம் என்பது மற்றொன்று. பாலிசி எடுத்த முதல் 30 நாள்களில் விபத்தைத் தவிர ஏனைய நோய்களுக்குப் பணம் கிடையாது என்பது பொதுவான விதி. முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இன்னும் நீண்டது. அதன் உச்ச வரம்பு 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக 2024இல் குறைக்கப்பட்டது. நோயை மறைத்துப் பாலிசி எடுப்பது தன் உரிமையைத் தானே கெடுத்துக்கொள்வதாகும்.

பணத்தை நிறுவனமே மருத்துவமனைக்குச் செலுத்துமாயின் அது ரொக்கமில்லாச் சிகிச்சை. நாம் செலுத்திவிட்டுப் பின்னர் கேட்டுப் பெறுவது செலவு மீட்பு. இதற்கு ஒவ்வொரு ரசீதும் உயிர்நாடி. இவ்வாறு கேட்பதைத் தமிழில் கோரிக்கை என்கிறோம், இந்தியில் தாவா. முதலெழுத்தைக் குறுக்கித் தவா என்றால் மருந்து! நம் ஊர் நீதிமன்றங்களில் வழக்கினைத் தாவா என்பதும் அதே அரபு மூலத்தினின்று வந்ததே. ஆகவே வடபுலத்துப் படிவத்தில் தாவா என்று கண்டால் வழக்கு வந்துவிட்டதென அஞ்ச வேண்டா. கேட்கும் உரிமை வந்திருக்கிறது என்று கொள்க.

புலம்பெயர்ந்து வாழ்வோர்க்குத் தலையாய சொல் ஒன்று உண்டு, அது பெயர்வுரிமை. 2008இல் தொடங்கிய ராஷ்டிரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா வறிய குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்க் காப்பினை ஓர் அட்டையில் அடக்கி, ஒரு மாநிலத்தில் பெற்றதை மற்றொரு மாநிலத்தில் பயன்படுத்தவும் வழிசெய்தது. 2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் அத்தொகையை 5,00,000 ரூபாயாக உயர்த்தி, பெயர்வுரிமையையும் தொடர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்தவன் உரிமை விட்டு வந்தவனல்லன் என்பதே இதன் பொருள்.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஈட்டுறுதி அட்டையோ பாலிசியோ இருப்பின், இன்றிரவே அதனை எடுத்து விளக்கருகே வைத்துப் படியுங்கள். விளங்காத சொல்லைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களுக்கும் விளங்காவிடில் அலுவலகத்திற்குச் சென்று தயங்காது கேளுங்கள். அங்கே நாம் கேட்பது தர்மமன்று. செலுத்திய பங்கிற்கும் சட்டம் அளித்த உறுதிக்கும் உரிய ஈடு.