காய்ச்சல் விட்டது

நெல்லுக்கும் காய்ச்சல் உண்டு. வயலுக்குத் தண்ணீர் கட்டி, மண் வாடும்வரை விட்டு, மறுபடி கட்டுவதை உழவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். அங்கே காய்ச்சல் என்றால் ஈரம் வற்றுவது. உடம்பில் அதுவே சூடு. இரண்டுக்கும் வேர் ‘காய்’ என்ற வினைதான். வெயில் காய்கிறது, துணி காய்கிறது, நிலவும் காய்கிறது, அடுப்போரம் குளிர்காய்கிறோம். அடுத்தவன் வாழ்வதைப் பார்த்து மனம் வேகிறவனுக்கு இருப்பதும் காய்ச்சலே. அதற்கு மாத்திரை இல்லை.

காய்ச்சலின் இன்னொரு பெயரான ‘சுரம்’ வடமொழி ‘ஜ்வர’ தமிழில் எடுத்த உருவம், பேச்சில் ஜுரம். பாலைவழியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் ‘சுரம்’ வேறு சொல். சம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்லும் பாண்டியன் நோய்க்குப் பெயர் ‘வெப்பு’. காய்ச்சல், சுரம், வெப்பு மூன்றுமே நெற்றியைத் தொட்ட கைக்குத் தெரிந்ததைத்தான் சொல்கின்றன.

கைக்கு எண் துணையாக வந்தது வெகு பிந்தி. ஓரடி நீள வெப்பமானியை இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், 1860-களில், கிளிஃபர்ட் ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை அரையடியாக்கினார். ஐந்து நிமிடம் போதும் என்றானது. இன்று 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல் என்று கணக்கு. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்த எண் வந்துவிட்டால் காலைவரை காத்திருக்கக் கூடாது.

எண்ணுக்கு அடங்காத ஒன்றுக்கும் சொல் வைத்திருக்கிறோம்: ‘ஜன்னி’. முத்தோஷமும் ஒருசேரக் கெடுவதைச் சொன்ன ‘சன்னிபாதம்’ தேய்ந்து வந்தது. ஜுர வேகத்தில் பெரியவர் பிதற்றினாலும் குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் ஊரில் ‘ஜன்னி கண்டிருச்சு’ என்பார்கள். பிதற்றலோ வலிப்போ, கழுத்தை மடக்க முடியாத விறைப்போ தெரிந்தால், வெப்பமானி எதைக் காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

சொல் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மழையைப் போலவே காய்ச்சலும் நம் பேச்சில் அடிக்கும், விடும். ‘விட்டது’ என்றதும் வீடே மூச்சு விடுகிறது. கஞ்சி மாறி ரசஞ்சாதம் வருகிறது. டெங்குவில் இந்தக் கணக்கு தப்பும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். சிலருக்கு அப்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், துவண்டு கிடப்பது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது: இவை வந்தால் நெற்றி குளிர்ந்திருப்பதை நம்பக் கூடாது. கை கால் சில்லிட்டிருந்தால் அது ஆறிய உடம்பு அல்ல, ரத்த ஓட்டம் குறைந்த உடம்பு. அப்போது சிறுநீரும் குறையும்.

டெங்கு நடமாடும் மாதங்களில் ‘காய்ச்சல் விட்டிருச்சு’ என்று யாராவது சொன்னால், நோயாளி கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.