ஜீவனாம்சம் போதுமா?

பெற்றவர்களைக் காப்பாற்றச் சட்டம் எதற்கு என்ற பேச்சு எங்கள் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் அடிக்கடி வரும். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது புதிதல்ல. நெப்போலியன் காலத்தில், 1804-இல் வந்த கோட் சிவிலின் 205-ஆம் பிரிவு, வசதியற்ற பெற்றோருக்குச் சோறு போடுவது பிள்ளைகளின் கடமை என்கிறது. அடுத்த பிரிவு மருமகன், மருமகளையும் சேர்த்துக்கொள்கிறது.

நம் நாட்டில் 1956-இல் வந்த இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் மகன், மகள் இருவருக்கும் இக்கடமையை வைத்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு அதை எல்லா மதத்தினருக்கும் பொதுவாக்கியது. திருமணமான மகளுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது.

பிறகு வந்ததுதான் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். வக்கீல் வைக்காமலே தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை கிடைக்க அதில் வழி செய்தார்கள். பிள்ளையில்லாதவர்கள், தம் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, 150 ஏழை முதியோர் தங்கும்படி அமைப்பது பற்றியும் அதில் இருக்கிறது.

சோறு, துணி, இருப்பிடம், வைத்தியம் ஆகிய நான்கையும் சட்டம் எழுதிவைத்தது. இல்லத்தில் சேர்த்த பிறகு யார் போய்ப் பார்ப்பது என்பதை எழுதவில்லை. சீனா 2013-இல் அதையும் எழுதியது: பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். பிரான்சு வேறு வழியில் போனது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லத்துக்குள் ஒரு மன்றம் அமைத்து, அங்கு வசிப்பவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அதில் இடம் தந்தது. கொரோனாவில் கதவுகள் சாத்தப்பட்டதைக் கண்டபின், தினமும் பார்வையாளரைச் சந்திக்கும் உரிமையை 2024-இல் சட்டமாக்கினார்கள்.

பணம் வங்கி வழியே தவறாமல் போய்விடும். ஆனால் அம்மா முன்பு இரண்டு இட்லி சாப்பிடுவார், இப்போது ஒன்றுதான் என்பது, குதிகாலில் புண் வந்திருப்பது, காதுக் கருவியில் பேட்டரி தீர்ந்திருப்பது எல்லாம் நேரில் போகிறவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். யாரும் வராத முதியவருக்காகக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

ஒரே இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து போய் நிர்வாகியோடு உட்கார்ந்து பேசலாம். தன் தாயைப் பார்க்கப் போகிறவர், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்கலாம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.