நாட்டுத் துப்பாக்கியும் தமிழக வேட்டையும்

நாட்டுத் துப்பாக்கி என்பது உள்ளூர்க் கொல்லர்கள் குறைந்த செலவில் செய்த ஒற்றைக்குழல் துப்பாக்கியாகும். இதில் மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாக இடப்படும். தமிழகத்தில் நரிக்குறவர்களும் காட்டோர உழவர்களும் இதைப் பயன்படுத்தினர். ஆங்கில அதிகாரிகளும் ஜமீன்தார்களும் இலண்டனில் கைவேலையாகச் செய்யப்பட்ட, இதைவிடப் பல மடங்கு விலையுள்ள இரட்டைக்குழல் ரைபிள்களுடன் வேட்டையாடினர். வேட்டைக்கு மலிவான துப்பாக்கி போதுமா என்பது எந்த விலங்கை, எவ்வளவு தொலைவிலிருந்து சுடுவது என்பதைப் பொறுத்தே அமைந்தது.

அமைப்பு

நாட்டுத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. ரைபிளில் உள்ளதுபோல் குண்டைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்கள் இதில் இல்லை. முதலில் கரிமருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, சிறு ஈயக் குண்டுகளையோ பால்ரஸ் குண்டுகளையோ போட்டுக் கம்பியால் இடிப்பர். பிறகு குழலின் அடியில் கேப்பு பொருத்துவர். விசையை இழுத்தால் சுத்தி கேப்பின்மீது விழுந்து மருந்து பற்றும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்ப ஏறத்தாழ அரை நிமிடமாகும். மழையில் மருந்து நனைந்தால் வெடிக்காது. குழலின் இரும்பு தரமற்றதாக இருந்தாலோ மருந்து அளவு மீறினாலோ குழலே வெடித்துச் சுடுபவரைக் காயப்படுத்தும்.

சிறு வேட்டை

வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர்கள் நரி, முயல், காட்டுப்பூனை, கௌதாரி, கொக்கு போன்றவற்றை வேட்டையாடினர். கண்ணியும் வலையும் அவர்களின் முதன்மைக் கருவிகள். துப்பாக்கி அவற்றுக்குத் துணையாக இருந்தது. விலங்கின் குரலைப் போல ஒலியெழுப்பி அதை அருகில் வரவழைப்பதும், காற்றின் திசை பார்த்துப் பதுங்குவதும் அவர்களின் திறன். முப்பது நாற்பது மீட்டருக்குள் வரும் சிறு விலங்குக்குச் சிதறிப் பாயும் குண்டுகளே ஏற்றவை. இந்த வேட்டைக்கு விலையுயர்ந்த ரைபிள் தேவைப்படவில்லை. கருவியின் குறையை வேட்டைக்காரரின் திறன் ஈடுசெய்தது.

பெரு வேட்டை

புலி, சிறுத்தை, யானை ஆகியவற்றிடம் இதே கருவி தோற்றது. சிறு குண்டுகள் தோலையும் தசையையும் துளைத்தாலும் உயிர்நிலையை எட்டுவதில்லை. காயம்பட்ட விலங்கு தப்பிச் சென்றுவிடும். இதன் விளைவை ஜிம் கார்பெட் பதிவு செய்துள்ளார். குமாவுன் பகுதியில் 1907இல் அவர் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரைத் தாக்கத் தொடங்கியது என்பது அவர் கருத்து. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாடிய பெங்களூரு எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனும் (1910–1974) துப்பாக்கிக் காயங்களை ஒரு காரணமாகச் சுட்டியுள்ளார். ஒருவர் தவறாகச் சுட்ட குண்டின் விளைவு, அந்தப் புலியைப் பார்த்தேயிராத விறகு வெட்டுபவர்மீதும் மாடு மேய்ப்பவர்மீதும் விழுந்தது.

தொழிற்சாலை ரைபிள்

பெருவிலங்குக்கும் மிக விலையுயர்ந்த துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை. ஆண்டர்சன் பயன்படுத்தியது அமெரிக்கத் தொழிற்சாலைத் தயாரிப்பான 0.405 வின்செஸ்டர் ரைபிள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த 1895 மாதிரி, இலண்டன் இரட்டைக்குழலைவிட மிக மலிவு. ஆனால் அதன் குண்டு 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ளது. நெம்புகோலை இயக்கினால் அடுத்த தோட்டா உடனே தயாராகும். பிற்காலத்தில், கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை லீ என்ஃபீல்டு ரைபிளின் அமைப்பில் 0.315 ரைபிளைத் தயாரித்தது. இராணுவத்தின் 0.303 தோட்டா குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்ததால், இது வேறு தோட்டாவுக்காக அமைக்கப்பட்டது. நம்பகமான இயக்கமும் போதிய எடையுள்ள குண்டும் இருந்தால், அலங்கார வேலைப்பாடில்லாத ரைபிளே போதும் என்பதை இவை காட்டின.

சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளித்தது. எளிய உழவரின் கருவியாக அது ஏற்கப்பட்டதற்கு இது சான்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வேட்டையையும் நீக்கியது. முயலும் நரியும்கூடப் பாதுகாக்கப்பட்ட விலங்குகளாயின.

இதனால் பொழுதுபோக்குக்காகச் சுட்டவர்கள் ஒரு விளையாட்டை இழந்தனர்; நரிக்குறவர்கள் பிழைப்பை இழந்தனர். சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடி உள்ளிட்ட இடங்களில் வாழும் அவர்களுள் பலர் இன்று பாசிமணி, ஊசி விற்று வாழ்கின்றனர். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.