இரும்புப் பெட்டியும் இரட்டைக் காளையும்

மலருக்கு எஞ்சினியர் எழுதினால் மிஷினைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைப்பீர்கள். வாஸ்தவம்தான். நான் சொல்ல வந்ததும் ஒரு சாதனத்தைப் பற்றித்தான். வெறும் இரும்புப் பெட்டி!

1951 அக்டோபரில் செஸ்டர் பௌல்ஸ் அமெரிக்கத் தூதராக டெல்லிக்கு வந்தார். கனெக்டிகட் மாநில கவர்னராக இருந்தவர். 1950-ல் தேர்தலில் தோற்றும் பார்த்தவர். அப்பேர்ப்பட்டவரே நமது முதல் பொதுத் தேர்தலை நினைத்து ஆடிப்போனார். வாக்காளர்கள் சுமார் 17 கோடியே 60 லட்சம் பேர். நூற்றுக்கு 85 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் குளறுபடியில் முடியும் என்று பயந்தார். ஏழை நாட்டுக்கு முதலில் ஒரு நல்ல சர்வாதிகாரி தேவை என்பது அவர் எண்ணம்.

தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கணிதம் படித்தவர். அவரது ஏற்பாடு எளிமையானது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன்மேல் சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், பிடித்த பெட்டியில் போட்டால் போதும். சுமார் 20 லட்சம் பெட்டிகள், 8,200 டன் உருக்கு!

1952 ஜனவரியில் ஆரணியில் ஓட்டுப் போட்டவர்களில் என் பாட்டியும் ஒருத்தி. 21 வயசு நிரம்பின புதுசு. கைநாட்டுதான். ஆனால் ஆயிரக்கணக்கான பட்டு இழைகளில் ஒன்று அறுந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "படம் இருந்துச்சு, பார்த்துப் போட்டேன். இதுல என்னடா கஷ்டம்?" என்பாள்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் காளைக்கே போட்டுவிடவும் இல்லை. சென்னை ராஜ்யத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 தான். நம் வட ஆற்காட்டில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி செல்வாக்கோடு நின்றது. தனி மெஜாரிட்டி இல்லாமலே ராஜாஜி முதல்வரானார்.

வாக்குப்பதிவு சமயம் ஊர் ஊராகப் போன பௌல்ஸ், பிராமணரும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் ஒரே வரிசையில் நிற்பதைக் கண்டார். தன் எண்ணம் தவறென்று ஒப்புக்கொண்டார்.

ஒரு விஷயத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். வேலைக்காக வெளியூர் போன பிறகு, லீவு இல்லை என்று இரண்டு தேர்தல்களில் நான் ஓட்டுப் போடவில்லை. "படிச்சவன் நீயே போகலையா?" என்று மட்டும் கேட்டாள் பாட்டி. இன்று பதில் சொல்லக்கூட அவள் இல்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, 1989-ல் ஓட்டு வயசை 18 ஆக்கியது உங்களுக்காகத்தான். படிக்காதவர்களை நம்பி ஆரம்பித்த காரியம் இது. படித்த நாம் அதைக் கெடுக்க வேண்டாம்.