மாமா வீட்டுக் கழனி: கோடை விடுமுறையின் சிறு வரலாறு

நம் இலக்கிய இதழ்களில் வெளியாகும் நினைவுக் கட்டுரைகளில் ஒரு காட்சி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் பட்டணத்துப் பிள்ளை அம்மாவின் ஊருக்குப் போகிறான். கிணற்றில் நீந்துகிறான், நுங்கு தின்கிறான், இரவில் கயிற்றுக் கட்டிலில் படுத்து ஆயாவிடம் கதை கேட்கிறான். ஆடி மாதம் திரும்புவது போலத் தொன்றுதொட்டு நடந்துவந்த ஒன்றாகவே இதை எழுதுகிறோம். ஆனால் இதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையிலுள்ள முண்டியம்பாக்கத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் முன்னிறுத்தி அதைச் சற்று ஆராயலாம்.

கழனியிலேயே வளரும் பிள்ளை கழனிக்கு 'விருந்தாளியாக'ப் போக முடியாது. அப்படிப் போவதற்கு மூன்று நிகழ வேண்டியிருந்தது. குடும்பத்தில் சிலர் நிலத்தை விட்டுச் சம்பள வேலைக்கு நகர வேண்டும். பள்ளி என்ற அமைப்பு ஆண்டை வேலைநாள், விடுமுறை எனப் பகுக்க வேண்டும். பெண்டு பிள்ளைகளோடு ஒரே பகலில் போய்ச்சேர ஓர் ஊர்தி வேண்டும். மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டில் கைகூடத் தொடங்கின. 1870களில் சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாக மீட்டர் கேஜ் இருப்புப்பாதை தெற்கே நீண்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. முண்டியம்பாக்கம் போன்ற சிற்றூருக்கு ஒரு நிலையம் வாய்த்ததும் இந்தப் பாதையால்தான்.

வெயிலை முன்னிட்டு வகுத்த பள்ளி விடுமுறை உழவரின் ஓய்வுக்காலத்தோடும் பொருந்திப்போயிற்று. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். மானாவாரிக் கொல்லைகள் ஆடி மழைவரை உறங்கும். சித்திரையில் குதிரில் நெல் இருக்கும். வீட்டாருக்குச் சற்றே ஓய்வும் இருக்கும். நாலைந்து பிள்ளைகள் கூடுதலாக உண்டாலும் சுமையாகத் தெரியாத மாதம் அது.

1980களின் இறுதியில் முண்டியம்பாக்கம் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளுள் நானும் ஒருவன். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிர்கொள்வது சர்க்கரை ஆலையின் புளித்த பாகு மணம். கரும்பு ஏற்றிய வண்டிகளின் நீண்ட வரிசை. பக்கத்துப் பனையபுரம் புறவார் பனங்காட்டூர் என்னும் பெயரில் தேவாரப் பாடல் பெற்ற தலம். அதன் தலமரமே பனை. ஆகவே நுங்குக்கும் பதநீருக்கும் பஞ்சமில்லை. ஊர் திரும்பும்போது ஒரு பை மல்லாட்டை கொடுத்தனுப்புவார்கள். மணிலாக் கொட்டை என்பதன் திரிபான இச்சொல், புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சுக்கு நிலக்கடலை ஏற்றுமதியான காலத்தை நினைவூட்டுவது.

அந்தப் பையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். விடுமுறைக்குப் பெரும்பாலும் அம்மாவின் ஊருக்கே ஏன் போனோம்? அப்பாவின் ஊரிலும் நிலம் இருந்ததே! தாய்மாமன் உறவின் சிறப்பு, முறைமண வழக்கம் என்று விடை சொல்வது மரபு. அது சரிதான், ஆனால் போதாது. பரம்பரை நிலத்தில் பிறப்பால் வரும் உரிமை ஆண்மக்களுக்கே இருந்தது. மணமாகிச் சென்ற மகளுக்கு எஞ்சியது சீர்வரிசை, தீபாவளிப் புடவை, பிள்ளைகளோடு ஒரு மாதம் வந்து தங்கும் உரிமை ஆகியவையே. மல்லாட்டைப் பையை அன்பின் அடையாளம் என்று மட்டும் கொள்ள முடியாது. எழுதப்படாத ஒரு பங்கின் வட்டியும் அதில் இருந்தது. 1989இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பிறப்புரிமை வழங்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமான பெண்களுக்கு அத்திருத்தம் பொருந்தாது. எங்கள் தலைமுறையின் தாயார் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள். 2005ஆம் ஆண்டின் நடுவண் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியபோது பல குடும்பங்களில் பாகப்பிரிவினையே முடிந்து போயிருந்தது.

விடுமுறைக் கழனியில் மறைந்திருந்த மற்றொருவரைக் காண, இதே மாவட்டத்து இன்னோர் ஊருக்குச் செல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் தாங்கள் அறிந்த சிற்றூர்களை ஆராய்ந்துவரச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918இல் நூலாயின. அவற்றுள் ஒன்று விழுப்புரத்துக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள இருவேல்பட்டு பற்றியது. கல்லூரிப் பிள்ளைகள் விடுமுறையில் கிராமத்துக்குப் போய் எழுதிய பழைய பதிவுகளுள் இது முதன்மையானது. இன்றைய நினைவுக் கட்டுரைகளில் காணாத ஒருவர் அதில் இருக்கிறார், அவர்தான் படியாள். பெரும்பாலும் திருமணச் செலவுக்காக வாங்கிய கடனால் நிலக்காரரிடம் கட்டுண்டவர். கடன் தீராது, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும், நிலம் கைமாறினால் ஆளும் உடன் கைமாறுவார் என்கிறது அந்நூல். 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைமுறைக்கான சட்ட ஏற்பை நீக்கி எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் எழுதப்பட்ட செய்தி இது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படியாளின் மகனுக்குப் பள்ளி இல்லை. ஆகவே விடுமுறையும் இல்லை. அவன் மாடு மேய்த்தான். நம் கட்டுரைகளில் மரமேறி நுங்கு சீவித் தரும் பையன் ஒருவன் வருவான். அவனுக்குப் பெரும்பாலும் பெயரிருக்காது. எந்த வகுப்பில் படிக்கிறான் என்ற செய்தியும் இருக்காது. கரும்பு வட்டாரத்தில் இதன் இன்னொரு வடிவமும் உண்டு. வெட்டுப் பருவத்தில் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் வந்து, கழனியோரக் குடிசைகளில் தங்கிக் கரும்பு வெட்டுவோரின் பிள்ளைகள் அவர்கள். அவர்களும் மாதக்கணக்கில் அயலூர்க் கழனியில் தங்கியவர்களே. ஆனால் பள்ளி நடக்கும் நாள்களிலேயே வந்து தங்கினார்கள்.

இருவேல்பட்டை 1930களிலும், 1980களின் தொடக்கத்திலும், 2008இலும் ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். அந்த வரிசையைப் படிக்கையில் ஒரு நூற்றாண்டின் நகர்வு புலப்படும். படியாள் முறை மறைகிறது. பெருநிலக்காரரின் பிடி தளர்கிறது. ஊருக்கு வெளியே வேலை தேடுவோர் பெருகுகின்றனர். நம் கோடைக்கழனியைக் கலைத்த காரணங்களும் இவற்றிலிருந்து வேறானவையல்ல. கவலை ஏற்றத்தின் இடத்துக்கு மின்மோட்டார் வந்தது. பின் நீர்மட்டம் இறங்கி ஆழ்துளைக் கிணறு வந்தது. அதில் பிள்ளைகள் நீந்த முடியாது. மாமன் பிள்ளைகளே பட்டணம் சேர்ந்தனர். 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின், முண்டியம்பாக்கம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது மருத்துவமனைதான்.

இந்த மறைவை முழு இழப்பாகவோ முழு விடுதலையாகவோ கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கவலை, குதிர், கொல்லை, மல்லாட்டை போன்ற சொற்கள் உழாத பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு மாதத்தில்தான். அந்த வழி அடைபட்டது மொழிக்கு இழப்பே. ஆனால் அதே கழனியில் படியாளின் பேரன் இன்று கட்டுண்டு கிடக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் கேள்விகளோடு ஊருக்குப் போனார்கள். மாமா ஊரைப் பற்றி இனி எழுதுவோரும் இரண்டு கேள்விகளை உடன்கொண்டு போகலாம். அந்தக் கழனியின் பட்டாவில் அம்மாவின் பெயர் எப்போதாவது இருந்ததா? நுங்கு சீவித் தந்த பையனின் பெயர் என்ன?